குறைந்ததா, குறைத்தார்களா?

‘ஸ்லோடவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் வட்டத்தில் சில காலமாக ஒரு சர்ச்சை நடக்கிறது. பொருளாதாரக் கட்டுரைகளை மொழிபெயர்க்கிற நண்பர் ஒருவர் ‘மந்தநிலை’ என்கிறார். இன்னொருவருக்கு அதில் வடமொழி வாடை அடிக்கிறது. ‘தளர்ச்சி’ போதும் என்கிறார். ‘தொய்வு’, ‘சுணக்கம்’, ‘வேகக்குறைவு’ என்று ஆளுக்கொரு சொல்லோடு வந்து நிற்கிறார்கள். சொல்லின் ஓசை, நீளம், குலம், கோத்திரம் எல்லாம் அலசியாயிற்று. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வேகம் குறைகிறது என்றால், குறைத்தது யார்?

இது மொழிபெயர்ப்பாளர்களின் சில்லறைத் தகராறாக மட்டும் இருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். நான் இருப்பது அம்மையார்குப்பத்தில். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லைக்கு அருகே, தறிச் சத்தத்தில் விடிகிற ஊர். மேற்படி சொல் இங்கே முதலில் பத்திரிகை வழியாக வந்து இறங்கியது. பிறகு, வேறு வேஷத்தில், கவிதை வழியாகவும் வந்தது. பத்திரிகையில் அது வியாதி. கவிதையில் அது தியானம். இரண்டு இடத்திலும் அது ஒரே பொய்யைச் சொல்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஆங்கிலச் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். ‘ஸ்லோ’ என்பது பழைய ஆங்கிலத்தில் வேகத்தை அளக்கிற சொல்லாக இருக்கவில்லை. மனிதனைத் திட்டுகிற சொல்லாக இருந்தது: சோம்பேறி, மந்த புத்திக்காரன். சோம்பலைக் குறிக்கும் ‘ஸ்லாத்’ என்ற சொல் இதே வேரில் கிளைத்ததுதான். அதாவது ஆதியில் இந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் இருந்தான். திட்டு வாங்கவாவது ஒருவன் இருந்தான். பின்னால் அது வினைச்சொல்லாயிற்று. அந்த வினை இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. வண்டிக்காரன் வண்டியை ‘ஸ்லோ’ பண்ணலாம். வண்டி தானாகவும் ‘ஸ்லோ’ ஆகலாம். இரண்டுக்கும் வினை வடிவம் ஒன்றுதான். செய்தவன் வாக்கியத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஆங்கில இலக்கணம் முகம் சுளிக்காது.

இந்தச் சௌகரியத்தை யார் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். அமெரிக்காவில் ‘ஸ்லோடவுன்’ என்றால் தொழிலாளிகள் கூடிப் பேசிவைத்துக்கொண்டு வேலையின் வேகத்தைக் குறைப்பது என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அங்கே 1947ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வேலைநிறுத்தத்துக்கு வரைவிலக்கணம் சொல்லும்போது இந்த ‘ஸ்லோடவுன்’ஐயும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு ‘கோ-ஸ்லோ’ என்று பெயர். நமக்கு வந்து சேர்ந்தது அது. 1961ல் பாரத் சுகர் மில்ஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ‘கோ-ஸ்லோ’வை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தது. 1947ம் வருஷத் தொழிற்தகராறு சட்டத்தில் 1982ல் செய்த திருத்தம் 1984ல் அமலுக்கு வந்தபோது, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வது தொழிலாளி தரப்பின் முறைகேடான நடத்தைகளில் ஒன்றாக அட்டவணையில் ஏறிற்று. 2020ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது பத்திரமாக இருக்கிறது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொழிலாளி வேகத்தைக் குறைத்தால் அது செயல். அதற்குச் செய்தவன் உண்டு, உள்நோக்கம் உண்டு, தண்டனை உண்டு. ‘வேண்டுமென்றே’ என்ற அடைமொழி உண்டு. அதே சொல் பொருளாதார அறிக்கைக்குள் நுழைந்ததும் அது செயலாக இருப்பதை விட்டுவிடுகிறது, நிகழ்ச்சியாகிவிடுகிறது. மழை பெய்கிற மாதிரி, இருட்டுகிற மாதிரி, ‘ஸ்லோடவுன்’ வருகிறது, நீடிக்கிறது, போகிறது. யாரும் செய்யவில்லை. ஒரே சொல், இரண்டு நியாயம். கீழே இருப்பவன் குறைத்தால் குற்றம். மேலே இருப்பவர்கள் குறைத்தால் பருவநிலை.

*

ஆங்கிலத்தில் இந்த வித்தையைச் செய்வது சுலபம். தமிழில் அவ்வளவு சுலபமில்லை. தமிழ் வினைச்சொல் பல இடங்களில் நம் சட்டையைப் பிடித்து, யார் செய்தது என்று கேட்கும். குறைந்தது, குறைத்தது. தளர்ந்தது, தளர்த்தியது. தேங்கியது, தேக்கியது. நின்றது, நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்து மறந்துபோன சமாச்சாரம்தான். ஆனால் அது வெறும் இலக்கணக் குறிப்பு இல்லை. வாய் திறக்கும் முன் பேசுகிறவன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ‘கூலி குறைந்தது’ என்று சொல்லப் போகிறாயா, ‘கூலியைக் குறைத்தார்கள்’ என்று சொல்லப் போகிறாயா? நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஒரு இடம் இருக்கிறது. பெயர்ச்சொல். ‘தேக்கம்’ என்று சொல்லுங்கள். அது தேங்கியதா, தேக்கியதா? தெரியாது. ‘முடக்கம்’ என்று சொல்லுங்கள். முடங்கியதா, முடக்கியதா? 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் ஒரு தேசத்தையே வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதற்குத் தமிழில் ‘பொதுமுடக்கம்’ என்று பெயர் வைத்தோம். பொது முடங்கியது போல, ஏதோ பொதுவுக்கு முழங்கால் வாதம் வந்தது போல. இரண்டு வினைகளும் போய்ச் சேர்ந்து அடையாளம் இழக்கிற மடு இந்தப் பெயர்ச்சொல். நம் பத்திரிகைத் தமிழ் பெயர்ச்சொற்களால் நிரம்பி வழிவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

‘மந்தநிலை’ என்பதற்கு இந்தக் கஷ்டம்கூட இல்லை. அது பிறக்கும்போதே பெயர்ச்சொல். மந்தம் என்ற வடசொல்லுக்கு மெதுவானது, மழுங்கியது என்று பொருள். வயிற்று மந்தம், மந்த புத்தி, மந்த மாருதம் என்று தமிழில் நெடுநாளாகப் புழங்குவதுதான். வடசொல் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆட்சேபம் வேறு. ‘மந்தன்’ என்றால் சனி. சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக்கொள்கிற கிரகம் என்பதால் அப்படி ஒரு பெயர். நம் பத்திரிகைகள் பொருளாதாரத்தை எழுத எடுத்துக்கொண்ட சொல், ஜோசியத்தில் நன்றாகப் பழகிய சொல். வாசகன் அதைப் படித்ததும் அவனுக்குள் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. ஏழரை போல இதுவும் போய்விடும் என்று காத்திருக்கிறான். எள் தீபம் ஏற்றாதது ஒன்றுதான் பாக்கி.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்லோடவுன்’ என்றால் வளர்ச்சி இருக்கிறது, ஆனால் முன்னளவு வேகமில்லை. ‘ரிசெஷன்’ என்றால் உற்பத்தியே சுருங்குகிறது. ‘டிப்ரெஷன்’ என்றால் ஆழமாக, நீண்ட காலத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறது. மூன்று படிகள். தமிழில் மூன்றையும் மந்தம் என்ற ஒரே குடத்தில் ஊற்றி வைத்திருக்கிறோம். 2019 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில், வளர்ச்சி குறைந்திருக்கலாம், ஆனால் இது ‘ரிசெஷன்’ இல்லை என்ற பொருள்பட வாதாடினார். 2016-17ல் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்த வளர்ச்சி, அந்த 2019-20ம் வருஷக் கணக்கில் நான்கு சதவீதத்துக்கு அருகே வந்து நின்றது. அமைச்சர் சொன்னது புள்ளிவிவரப்படி சரியாகவே இருக்கட்டும். அதை இன்றைய பத்திரிகைத் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? ‘இது மந்தம்தான், மந்தநிலை அல்ல.’ இதைப் படித்துவிட்டு ஒருவன் தெளிவு பெற்றான் என்றால் அவனைக் கும்பிட வேண்டும்.

பௌதிகப் பாடப் புத்தகம் இந்த விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. வேகம் கூடுவது முடுக்கம், குறைவது எதிர்முடுக்கம். அதற்குப் பின்னால் நியூட்டனின் விதி நிற்கிறது. ஓடுகிற பொருள் வெளிவிசை ஒன்று படாதவரை ஓடிக்கொண்டேயிருக்கும். வேகம் குறைந்தது என்றால் ஒரு விசை அதன்மேல் பட்டிருக்கிறது. உராய்வா, காற்றா, கையா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் கிடையாது. பொருள்கள் தாமாகவே களைத்துப்போய் நின்றுவிடும் என்று நம்பியது நியூட்டனுக்கு முந்திய காலம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கொடுக்காத சலுகையைத் தலையங்கம் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

*

இனி ஊருக்கு வருகிறேன்.

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை எல்லாம் நெசவை நம்பிய ஊர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் அதே தொழில். கைத்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி வந்து வெகுகாலமாகிறது. பெரும்பாலும் கூலி நெசவு. முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். நெய்து துணியைக் கொடுத்தால் கூலி. தறி நெசவாளியுடையதாக இருக்கலாம், வீடு அவனுடையதாக இருக்கலாம். பாவு அவனுடையது இல்லை.

விசைத்தறியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசைத்தறி மெதுவாவதில்லை. மோட்டாரும் பெல்ட்டும் அமைத்துவைத்த வேகம் எதுவோ அந்த வேகத்தில் அது ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். பாவு தீர்ந்தால் நிற்கும். மின்சாரம் போனால் நிற்கும். 2012ல் தமிழ்நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது அப்படித்தான் நின்றது. பாதி வேகத்தில், சோகமாக, அந்திவெயிலில் ஓடுகிற விசைத்தறியை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் ‘ஸ்லோடவுன்’ எங்கே நடக்கிறது? டெல்லியில் நடக்கிறது. ஒரு தெருவில் பத்துத் தறி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நின்றுவிட்டது, ஆறு ஓடுகிறது. தெருவில் நிற்கிறவனுக்குத் தெரிவது நான்கு வீட்டின் நிசப்தம். கூட்டிக் கழித்துப் பார்க்கிறவனுக்குத் தெரிவது நாற்பது சதவீதம் சரிவு. அந்தச் சரிவுக் கோடு மென்மையானது, வளைவானது, கண்ணுக்கு இதமானது. முழுதாக நின்றவைகளையும் முழுதாக ஓடுகிறவைகளையும் சேர்த்து வகுத்தால் ‘மெதுவாக’ என்ற ஒன்று கிடைக்கிறது. அது எந்த வீட்டிலும் இல்லை. ‘ஸ்லோடவுன்’ என்பது உயரத்திலிருந்து மட்டும் தெரிகிற காட்சி. கீழே அதற்குப் பெயர் நிறுத்தம்.

ஓடுகிற ஆறு தறிகளிலும் மெதுவில்லை என்பது அடுத்த விஷயம். துணிக்குக் கேட்பு விழுந்தால் முதலில் வெட்டுவது கூலியை. கூலி நெசவில் சம்பளம் நேரத்துக்கு இல்லை, நெய்த துணிக்கு. கூலி குறைந்தால் அதே வருமானத்துக்கு அதிக நேரம் நெய்ய வேண்டும், ஒருவர் பார்க்கிற தறிகளைக் கூட்ட வேண்டும், மனைவி தார் சுற்றுகிற நேரம் இரவுக்குள் நீள வேண்டும். தேசம் மெதுவாகிறது என்று ராத்திரிச் செய்தியில் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கிற குடும்பம் முன்னைவிட வேகமாக வேலை செய்கிறது.

ஊர்ப்பேச்சில் இதெல்லாம் எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறேன். ஜவுளிக் கடைக்காரர் ‘தொழில் டல்’ என்பார். மழுங்கல் என்ற பொருளில் அது மந்தத்தின் சகோதரன். விற்கிறவருக்கு அந்தச் சொல் போதுமானதாக இருக்கிறது. நெய்கிறவரைக் கேட்டால் வேறு வாக்கியம் வரும்.

‘என்ன மாமா, தறி ஓடலையா?’

‘பாவு குடுக்கல மாப்ளே. போட்ட துணியே இன்னும் எடுத்துக்கலன்றாரு.’

இந்த இரண்டு வாக்கியத்தில் தொழிலின் அமைப்பு முழுவதும் இருக்கிறது. கொடுக்காதவர் இருக்கிறார், எடுத்துக்கொள்ளாதவர் இருக்கிறார், தேங்கிய துணி எந்த வீட்டில் கிடக்கிறது என்பதும் இருக்கிறது. இது பொருளாதாரம் படிக்காதவர் பேச்சு. படித்தவர்கள் இதை மந்தநிலை என்று மொழிபெயர்க்கிறார்கள். மொழிபெயர்ப்பில் ஆட்கள் எல்லோரும் உதிர்ந்துபோகிறார்கள்.

எல்லை ஊர் என்பதால் தெலுங்கும் காதில் விழுகிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1ம் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் கடந்து இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, மந்தத்தைப் பிரிக்கவில்லை. தெலுங்குப் பத்திரிகையில் அது ‘மந்தகமனம்’, ‘மாந்த்யம்’. பத்திரிகைக்காரர்களுக்கு எல்லை கிடையாது போலிருக்கிறது. ஆனால் தெலுங்கில் ‘மெதுவாக’ என்பதற்கு வீட்டில் பேசுகிற சொல் ‘நெம்மதிகா’. நம் நிம்மதிக்கு உறவுக்காரச் சொல். அங்கே மெதுவாக இருப்பது, இங்கே கவலையற்று இருப்பது. கவலை இல்லாதவன்தான் மெதுவாக இருக்க முடியும் என்று இந்த இரண்டு பாஷையும் சேர்ந்து சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். பாவு வராத வீட்டுக்கு மெதுவும் கிடையாது, நிம்மதியும் கிடையாது.

விசைத்தறியை விட்டுவிட்டுக் கைத்தறியைப் பாருங்கள். தேசியக் கணக்கெடுப்பின்படி 1995-96ல் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் 65.5 லட்சம். 2009-10ல் 43.31 லட்சம். 2019-20ல் 35.22 லட்சம். கால் நூற்றாண்டில் முப்பது லட்சம் பேர் கைத்தறியை விட்டுப் போயிருக்கிறார்கள். இதையும் மந்தம் என்று எழுதியிருக்கிறார்கள். மந்தம் என்றால் இத்தனை பேர் எங்கே? 1985ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். ஆலைகளும் விசைத்தறியாளர்களும் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் 1993ல் சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகு 1996ல் 22 வகை 11 ஆயிற்று. ‘ஆயிற்று’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆக்கினார்கள். ஒரு ஆணை, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. 1992ல் ஏற்படுத்திய அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில் கலைத்தார்கள். அதற்கும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து. 2016 நவம்பர் 8 இரவு நோட்டைச் செல்லாது என்றார்கள்; ரொக்கத்தில் கூலி கொடுத்து வாங்குகிற ஊர்களில் மறுநாள் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1ல் சரக்கு சேவை வரி. 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது; திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. இவற்றில் எது சரி, எது தவறு, எது தவிர்க்க முடியாதது என்பது வேறு விவாதம். விசைத்தறிக்கு வந்தவன் கைத்தறிக்காகக் கண்ணீர் விட வேண்டுமா என்பதும் வேறு விவாதம். நான் சொல்வது ஒன்றுதான்: இவை எல்லாம் வினைகள். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் உண்டு.

*

இவ்வளவும் பத்திரிகைக்காரன் தலையில் கட்டிவிட்டு நம் வட்டம் கைகழுவிக்கொள்ளலாம் என்றால் அது முடியாது. புதுக்கவிதை என்ன செய்துகொண்டிருக்கிறது?

1986ல் ரோமாபுரியில் அமெரிக்கத் துரித உணவுக் கடைக்கு எதிராகக் கிளம்பி, 1989ல் பாரிசில் பிரகடனம் வெளியிட்ட ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவான சினிமா, மெதுவான ஊர், மெதுவான வாசிப்பு என்று ஒரு வரிசை உலகம் பூராவும் பரவியிருக்கிறது. அவர்கள் ஊரில் அதற்கு நியாயங்கள் இருக்கலாம். இங்கே அது இறங்கியபோது நேராக வந்து கைத்தறிமேல் உட்கார்ந்தது. நகரத்திலிருந்து வந்து பார்த்துப் போகிற கவிகளுக்குத் தறி ஒரு தியானப் பொருள். நாடாவின் தாளம், நூலின் மௌனம், காலத்தை நெய்யும் விரல்கள், அவசர உலகுக்கு எதிரான நிதானம். கைத்தறி நெசவாளி நிதானத்துக்காக நெய்கிறான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பறக்கும் நாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733ல் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அது இந்தப் பக்கம் பரவியபோது நெசவாளி அதை எடுத்துக்கொண்டது கூடுதல் வேகத்துக்காகத்தான். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதித்து, கையால் கயிறு இழுத்து, இழை அறுந்தால் நொடியில் பிணைத்து, வேளைக்குள் இத்தனை முழம் என்று ஓட்டுகிறவனிடம் போய் ‘எவ்வளவு நிதானம்!’ என்று வியப்பது அசட்டுத்தனம் மட்டுமில்லை. அவனுடைய வேகத்தைத் திருடுவது.

மெதுவாக இருப்பதற்கு நான் விரோதியில்லை. திருத்தணி மலையில் 365 படி என்பார்கள். ஏறுகிறவன் நடுவில் மெதுவாகிறான். அது அவன் மூச்சு, அவன் முழங்கால், அவன் வேண்டுதல். அந்த மெதுவுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். கவிதையில் ஒரு வரியை ஒடித்து வாசகனை நிறுத்துகிற கவிக்கும் அந்த உரிமை உண்டு. நிறுத்துவது தான்தான் என்று அவனுக்குத் தெரியும். நான் எதிர்ப்பது சொந்தக்காரன் இல்லாத மெதுவை.

அந்த மெது இப்போது நம் கவிதையின் இலக்கணமாகவே ஆகிவருகிறது. சமீபத்திய தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். உதிர்தல், கரைதல், நகர்தல், தேய்தல், அற்றுப்போதல். எங்கு பார்த்தாலும் ‘தல்’. வினைச்சொல்லைப் பிடித்து, காலத்தைக் கழற்றி, எழுவாயைக் கழற்றி, மொட்டையாக நிறுத்தினால் ஒரு ஆழம் வந்துவிட்டதாகப் பாவனை. யார் உதிர்ந்தார்? எது கரைந்தது? யார் கரைத்தார்? கேட்டால் ரசனை இல்லாதவன். சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ தொடங்கி, அதில் புதுக்கவிதை வேர்பிடித்தபோது, அலங்காரச் சுமையைக் கழித்துவிட்டு அனுபவத்தைத் துல்லியமாகச் சொல்வது என்ற ஒரு வைராக்கியம் அதற்குப் பின்னால் இருந்தது. துல்லியம் என்பதில் யார், எதை, எப்போது என்பவையும் சேர்த்திதான். ஆளற்ற பெயர்ச்சொற்களை அடுக்கி மூட்டம் போடுவதற்கு அந்த வைராக்கியத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. நிதியமைச்சக அறிக்கையும் இந்தக் கவிதையும் ஒரே இலக்கணத்தில் எழுதப்படுகின்றன என்று சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கோபப்படட்டும்.

1950களின் ஆரம்பத்தில் கைத்தறி பெரும் கஷ்டத்தில் இருந்தது. ராஜாஜி வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு ஒதுக்கச் சொல்லி டெல்லியிடம் வாதாடினார், தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். இந்தக் கஷ்டத்துக்குத் தமிழில் வழங்கும் இன்னொரு சொல் ‘நெருக்கடி’. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நெருக்கு என்பதில் ஒரு கை இருக்கிறது. நெருக்குகிறவன் இல்லாமல் நெருக்கடி இல்லை. மந்தநிலையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நாணயமான சொல்! தொ.மு.சி. ரகுநாதன் 1953ல் ‘பஞ்சும் பசியும்’ நாவலை எழுதினார். நெசவாளிகளின் பசியைப் பற்றிய நாவல். சிறுபத்திரிகை வட்டத்தில் அதைப் பிரசாரம் என்று ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். அதன் நடையிலும் பாத்திர அமைப்பிலும் குறைகள் உண்டு; நல்லவர் கெட்டவர் பிரிவினை அதில் மிகச் சுலபமாக நடந்துவிடுகிறது. ஆனால் அந்த நாவலில் பசி பருவநிலை மாதிரி வருவதில்லை. அதற்குச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கலை நேர்த்தி கூடிய பிறகு வந்த எத்தனையோ எழுத்துக்களில் இது இல்லை. பிரசாரத்தைத் தள்ளுகிற அவசரத்தில் எழுவாயையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

*

எதிர்வாதம் என்ன வரும் என்று தெரியும். பொருளாதாரம் சிக்கலானது, கோடிக்கணக்கானவர்கள் கோடிக்கணக்கான காரணங்களுக்காக எடுக்கிற முடிவுகளின் கூட்டுப்பலன், அதற்கு ஒரு வில்லனைத் தேடுவது சினிமாத்தனம் என்பார்கள். வாதம் பலமானதுதான். பாவு கொடுக்காத முதலாளிக்கும் மேலே ஒரு வியாபாரி இருக்கிறார்; அவருக்கு மேலே கடன் கொடுக்காத ஒரு வங்கி; அதற்கு மேலே வட்டி விகிதம். அம்மையார்குப்பத்து முதலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவரும் பல சமயம் நெருக்கப்பட்டவர்தான். ஆனால் செய்தவர்கள் பலர் என்பதும் செய்தவர் இல்லை என்பதும் ஒன்றாகுமா? தமிழில் பன்மை விகுதி என்று ஒன்று இருக்கிறது. ‘குறைத்தார்கள்’ என்பதில் இருக்கிற ‘கள்’ எத்தனை பேரை வேண்டுமானாலும் தாங்கும். உராய்வும் வில்லன் இல்லை. ஆனாலும் பௌதிக ஆசிரியர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சிக்கல் என்று சொல்லிவிட்டு நகர்வது யாருக்கும் தகும். நூலோடு பழகியவனுக்குத் தகாது. சிக்கலான நூலை அவன் ஒவ்வொரு இழையாகத்தான் பிரிக்கிறான்.

இன்னொரு எதிர்வாதம் நம் ஆட்களிடமிருந்து வரும். கவிதை செய்தித்தாள் இல்லை; கவிதையின் மொழி குறிப்பால் இயங்குவது; நீ சமூகவியலைக் கவிதைமேல் திணிக்கிறாய். குறிப்பு வேண்டாம் என்று நான் சொன்னேனா? குறிப்பால் உணர்த்துகிறவனுக்கு, தான் எதை மறைத்துக் காட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய ‘தல்’ கவிக்கு மறைக்க ஒன்றுமில்லை. அவன் பார்க்கவில்லை. பார்க்காததை மூடுகிற துணிக்கு மௌனம் என்று பெயர் வைத்திருக்கிறான்.

ஆகவே ‘ஸ்லோடவுன்’க்குத் தமிழ் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் இது. ஒரு சொல் தேடாதீர்கள். ஒரே சொல்லாக அது கிடைத்துவிட்டால் ஆங்கிலத்தின் வியாதி முழுதாக இங்கே குடியேறிவிடும். ஒவ்வொரு இடத்திலும் வாக்கியமாக மொழிபெயர்க்கட்டும். ‘இந்தக் காலாண்டில் ஸ்லோடவுன்’ என்று மூலத்தில் இருந்தால், யார் வாங்குவதை நிறுத்தினார்கள், யார் கொடுப்பதை நிறுத்தினார்கள், எங்கே எது தேங்கியது என்று தேடி எழுதட்டும். மூலத்தில் அது இல்லையே என்பார்கள். இல்லைதான். அப்படியானால் மூலத்தில் இல்லை என்பதை வாசகனுக்குத் தெரிகிற மாதிரி எழுதட்டும்: ‘வேகம் குறைந்திருக்கிறது, யார் குறைத்தார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை.’ மொழிபெயர்ப்பு கொஞ்சம் நீளும். நீளட்டும், தாள் செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

கவிகளுக்குச் சொல்ல அதைவிடக் குறைவு. அடுத்த தடவை தறியைப் பற்றி எழுத உட்காரும்போது, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நிற்கிறது என்றால், யார் நிறுத்தினார்கள் என்று அந்த வீட்டில் கேளுங்கள். சொல்வார்கள்.